தலை யாருக்கு என்ற பூர்வாங்கப் பிரச்சினை

உலகத்து உச்ச நீதிமன்றங்கள் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. அதனால்தான் அங்கே நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வருகிறது. எங்கள் மலைக் குடியரசின் அரசியல் சாசன மன்றம் மட்டும் வேகவைத்த ஆட்டுத் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு மாற்றுக் கருத்துகூடப் பதிவானதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அத்தனை தலையையும் வேகவைத்தவன் நான்தான். மன்றத்தின் தலைமைச் சமையல்காரன் கல்மாத் என்றால் நீதித்துறையில் தெரியாதவர் கிடையாது.

நடைமுறை மிக எளிது. வாதங்கள் முடிந்ததும் ஒன்பது நீதிபதிகளும் விரிப்பைச் சுற்றி உட்காருவார்கள். தலை மூத்தவர் முன்னால் வைக்கப்படும். அவர் கன்னச் சதையைச் சீவிக்கொண்டே தம் கருத்தைச் சொல்வார். அடுத்த வயதுக்காரர் இடுப்பெலும்பைக் கையில் வாங்கியதும் "பெரியவர் சொன்னதே சரி" என்பார். தொடையெலும்பு, முன்னங்கால், விலா என்று வயதுப்படி இறங்கி, எல்லாரிலும் இளையவருக்குக் காது போகும். கேட்டுக்கொள், பேசாதே என்று அர்த்தம். மூத்தவர் சொன்னதை மறுத்துப் பேசுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதை வந்து பார்த்துவிட்டு 'ஏகமனதான நீதிமரபு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். போகும்போது ஆளுக்கொரு விலா வாங்கிக்கொண்டார்கள்.

போன வசந்தத்தில் மூத்த நீதிபதி தம் தொண்ணூற்றோராவது வயதில் காலமானார். நாட்டில் சாசன நெருக்கடி ஏற்பட்டது. அடுத்த இடத்தில் தெமிர்கான், ஒமுர்ஸாக் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இருவர் சான்றிதழிலும் ஒரே ஆண்டு, ஜனவரி ஒன்று. அந்தக் காலத்தில் பதிவு எழுத்தர் ஆண்டுக்கு ஒருமுறைதான் குதிரையேறி மலைக்கு வருவார். கண்ணில் பட்ட குழந்தைகளை எல்லாம் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டு இறங்கிப் போவார். என் தலைமுறையில் பாதிப் பேர் புத்தாண்டன்று பிறந்தது இப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து அனார்குல் என்ற பெண்மணி வழக்கோடு வந்தாள். அறுபது வயது, பத்தொன்பது ஆடு. அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஏறிப் போகும் மலைமேய்ச்சலை அரசாங்கம் வேலி போட்டு அடைத்துவிட்டது. அதிபரின் மைத்துனர் வேட்டைக்கு வரும்போது ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமாம். 'மேய்ச்சல் நிலம் மக்களின் பொதுச் சொத்து' என்று சாசனத்தின் பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியைப் படித்தால் போதும், வேலியைப் பிடுங்கிவிடலாம். மே மாதக் கடைசி. ஜூன் தாண்டினால் அடிவாரத்தில் புல் இருக்காது.

ஆனால் படிப்பதற்கு முன் மூத்தவர் வாய் திறக்க வேண்டும். மூத்தவர் யார்? இது 'பூர்வாங்கப் பிரச்சினை' என்று மன்றம் அறிவித்தது. இளையவர்கள் ஆறு பேரும் இதில் கருத்துச் சொல்வது மரியாதைக் குறைவு. கடைசியில் வழக்கத்தையே நாடினார்கள். விருந்து கொடுப்பவர் யார் முன்னால் தலையை வைக்கிறாரோ அவரே மூத்தவர். வழக்கு அனார்குலுடையது, ஆகவே விருந்தும் அவளுடையது. 'மனுதாரர் வரும் வியாழனன்று ஓர் ஆட்டுடன் ஆஜராக வேண்டும்' என்று இடைக்கால ஆணை பிறந்தது.

வாசலுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், இரண்டு பெரியவர்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அனார்குல் யோசித்துவிட்டுத் தெமிர்கான் முன்னால் தட்டை வைத்தாள்.

ஒமுர்ஸாக் கேட்டார்: "ஏம்மா, என் மூஞ்சியப் பாத்தா ஒனக்குச் சின்னப் பையன் மாதிரியா தெரியுது?"

"இல்லீங்கய்யா. ரெண்டு பேருமே ஒரே மாதிரி கெழவனாத்தான் தெரியிறீங்க."

இது நடுநிலையான சாட்சியம் என்று பதிவு செய்யப்பட்டு, விசாரணை அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்பட்டது. தலையை முத்திரையிட்டு வைத்தார்கள். மீதி ஆடு சர்ச்சைக்கு உட்பட்டதல்ல என்பதால் அதை உட்கொள்ளத் தடையில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். உப்பு சரியாக இருந்தது.

அடுத்த வியாழன் அவள் இன்னோர் ஆட்டின் தலையை ஒமுர்ஸாக் முன்னால் வைத்தாள். தெமிர்கான் ஆட்சேபித்தார். மூன்றாவது அமர்வுக்குக் கால்நடை மருத்துவர் வரவழைக்கப்பட்டார். ஆட்டுக்கும் குதிரைக்கும் பல்லைப் பார்த்து வயது சொல்வதில் அவர் கெட்டிக்காரர். இருவர் வாயையும் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பற்களுக்கு ஏழு வயது, இரண்டு செட்டும் ஒரே ஆள் கட்டியது என்று சத்தியப் பிரமாணத்தில் சொன்னார்.

இளைய நீதிபதி ஜிபார், பாவம், இருபது வருஷமாகக் காது தின்று அலுத்துப்போனவர். தலையை இரண்டாகப் பிளந்தால் என்ன என்று கேட்டுவிட்டார். குடியரசு ஒன்றே, பிரிக்க முடியாதது என்று சாசனத்தின் முதல் பிரிவு சொல்வதை அவருக்கு நினைவுபடுத்தினார்கள். அதற்கடுத்த வியாழன் அனார்குல் இரண்டு ஆடு கொண்டுவந்தாள். இரண்டு தலை உள்ள அரசு உள்நாட்டுப் போருக்கே வழிவகுக்கும் என்று இரண்டும் நிராகரிக்கப்பட்டன. தலைகள் மட்டும். இந்த இரண்டு முடிவுகளும் இன்று எங்கள் சட்டக் கல்லூரியில் 'ஒற்றைத் தலைக் கோட்பாடு' என்று பாடமாக இருக்கின்றன. தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.

ஜூலையில் ஒருநாள் அவள் என் சமையலறைக்கு வந்து கொப்பரை பக்கத்தில் நின்றாள்.

"கல்மாத் அண்ணே, மலைக்கு ஓட்டிட்டுப் போகத்தான் வழக்குப் போட்டேன். ஒண்ணொண்ணா இங்கதான வந்து சேருதுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அரசியல் சாசனம் வளருதுல்ல."

"அது வளருது. என் மந்தை?"

இது சட்ட நுணுக்கம் தெரியாத கேள்வி. நான் வாலில் கொழுப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, கொதிக்கிற நுரையை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் கொப்பரையையே பார்த்தாள். அன்றைக்கு அதில் இருந்தது நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள கிடாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமாம். பெயரையும் சொன்னாள். நான் பதிவு செய்யவில்லை. அது என் வேலை அல்ல.

செப்டம்பர் கடைசியில், பதினெட்டாவது அமர்வுக்கு, அவள் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து, இதுதான் கடைசி என்று வாசலில் எழுத்தரிடம் சொன்னாள். அந்தச் செய்தி சூப்பு பரிமாறுவதற்கு முன்பே விரிப்பை எட்டிவிட்டது. ஒமுர்ஸாக் நெஞ்சில் கை வைத்து எழுந்து நின்றார்.

"தெமிர்கான் அண்ணே, நீங்கதான் மூத்தவரு. எனக்கு என்னிக்குமே அதுல சந்தேகம் கெடையாது."

தெமிர்கான் கண்கலங்கினார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். நாலு மாத நெருக்கடி இப்படி அறுபதே விநாடியில் தீர்ந்தது. இதற்கு வேறு நாடாக இருந்தால் ராணுவம் வந்திருக்கும்.

பிறகு பதினொரு நிமிடத்தில் தீர்ப்பு. தெமிர்கான் கன்னத்தைச் சீவியபடியே சொன்னார்: பன்னிரண்டாம் பிரிவு மகத்தானது, அசைக்க முடியாதது. மேய்ச்சல் நிலம் மக்களுடையதுதான். ஆனால் மேய்ச்சல் உரிமை கோருகிறவரிடம் மேய்க்க ஏதாவது இருக்க வேண்டும். மனுதாரரிடம் இன்றைய தேதியில் ஓர் ஆடுகூட இல்லை. ஆகவே வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை. மனு தள்ளுபடி. இடுப்பெலும்பு ஆமோதித்தது, தொடையெலும்பு ஆமோதித்தது, காது கேட்டுக்கொண்டது.

அனார்குல் வாசலருகே நின்றபடி கேட்டாள்.

"அப்ப என் ஆடுங்க எங்கய்யா போச்சு?"

தெமிர்கான் மீசையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த பரிவோடு பதில் சொன்னார்.

"அது நடந்த சம்பவம் பத்தின கேள்வி, தங்கச்சி. இந்த மன்றம் சாசனம் பத்தின கேள்விய மட்டுந்தான் விசாரிக்கும்."

மற்ற ஏழு பேரும் இதை ஏற்றுக்கொண்டார்கள். வாய் நிறைய இருந்ததால் அவர்கள் தலையசைத்தது மட்டும் பதிவாகியிருக்கிறது.