ரோகிணி யாரும் கொடுத்த பிள்ளை இல்லை

புதுவயல்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் பாண்டியராஜன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் செம்மலை எழுதுவது. நானும் சந்திரலேகாவும் இங்கே சுகம். கோவையில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கக் கருப்பர் பார்த்துக்கொள்வார். உங்கள் மருமகள் ரோகிணியும் சுகம்தான். அவளால் மற்றவர்களுக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால் கடிதம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கணக்கைப் போட்டால் போதாதா மச்சான்? நான் மேனேஜராக இருக்கும் அரிசி ஆலைக்கு வந்து, லாரி நம்பரைப் பார்த்து, "இது பகா எண், வேற எதாலயும் வகுபடாது" என்று அறிவிக்கிறாள். "எதுலயும் சேராத வண்டியா? நமக்கு ஆகாதுங்க" என்று டிரைவர் லோடு ஏற்றாமல் சாவியை நீட்டிவிட்டார். பள்ளியில் டீச்சரோ, "சார், இவளுக்கு ஏத்த பள்ளிக்கூடமாப் பாருங்க" என்று கும்பிடாத குறை. பார்த்தேன். காரைக்குடியில் ஒரு பள்ளியில் பரீட்சை வைத்து ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். கணக்கை முதல் ஆளாக முடித்துவிட்டு, கால் தரைக்கு எட்டவில்லை என்று அழுதாள். இன்னொரு பள்ளியில் பெற்றோருக்கும் நேர்முகத் தேர்வு. என்னிடம் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். பிள்ளைக்கு இடமுண்டாம், அப்பாவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டுமாம்.

மூன்றாவது பள்ளியில்தான் வினை. ஊருக்குப் புதிதான தலைமையாசிரியை, "சார், இது கிஃப்ட்டட் சைல்டு" என்றார். நம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் வாரிசு இல்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து தத்துப்பிள்ளை கூட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுதான் நினைப்பு வந்தது. வந்ததே கோபம்! "யாரும் கிஃப்ட்டாக் குடுத்த பிள்ளை இல்லீங்க, நாங்க பெத்த பிள்ளை! மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு!" என்று கத்திவிட்டேன். அந்தம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து விளக்கினார். பிறவியிலேயே அறிவு மிகுந்த பிள்ளை என்று அர்த்தமாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே கோவையில் ஒரு பள்ளி இருக்கிறதாம். "மூக்கு மட்டும்தான் உங்களுது, அறிவு எங்க அண்ணனுது" என்றாள் கூட வந்திருந்த உங்கள் தங்கை.

ஆகையால் மச்சான், ஜூனிலிருந்து ரோகிணி உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிற மாமா பக்கத்தில் இருந்தால் அவளுக்கு நல்லது. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை, ஆனாலும் என் பாசத்தால் அவள் படிப்பு கெடக்கூடாது. மாடி அறையைச் சுத்தம் செய்து வையுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
செம்மலை

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ரோகிணி வந்து நின்றாள். "அப்பா, கிஃப்ட்டைக் குடுத்துட்டாத் திரும்பக் கேக்கக் கூடாதுல்ல? அப்ப என்னைய மாமாவுக்குக் குடுத்துட்டுத் திரும்ப வாங்க மாட்டீகளா?" என்றாள். கண்ணைக் கசக்கினாள். நானும்தான். மாடி அறையை விட்டுவிடுங்கள் மச்சான். இந்தப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி டீச்சரை நான் கும்பிட்டுக்கொள்கிறேன். கணக்குக்கு நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வாருங்கள். கொடுத்தால் திரும்பக் கேட்கக் கூடாதாம், அதனால் நான் கொடுக்கவே போவதில்லை.