மருமகளைப் பொறுத்துப்போகச் சொன்ன சம்பந்திக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தையற்கடைக்காரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் குரலும் வழக்கம்போல் தெருக்கோடி வரை சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கோபித்துக்கொண்டு வந்திருக்கும் என் மகளிடம் "பொறுத்துப்போ" என்று எடுத்துச் சொல்லும்படி எழுதியிருந்தீர்கள். சொன்னேன். "அப்படின்னா என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன், தெரியாததைச் சொல்லிக்கொடுக்கலாமா? முதலில் நானே பழகிப் பார்ப்போம் என்று உங்கள் வீட்டு நடைமுறையை என் கடையில் ஒரு பகல் அமல்படுத்தினேன். உங்கள் வேடம் என் மனைவிக்கு. அவள் இவ்வளவு ஆசையாக எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள், காற்றுதான் ஜன்னல் வழியே வருகிறதே என்றாள், தண்ணீர் குடிக்க எழுந்தால் இப்போதுதானே குடித்தாய் என்றாள், முதுகுக்குப் பின்னால் நின்று செய்தித்தாளை மரண அறிவித்தல் உட்பட உரக்கப் படித்தாள், நடுநடுவே எங்கள் காலத்தில் இப்படியா வெட்டினோம் என்றாள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டியதில் வங்கி மேலாளரின் கால்சட்டையில் ஒரு கால் முழங்காலோடு நின்றுவிட்டது. மாலையில் அவர் வந்தார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். என்ன ஆச்சரியம் பாருங்கள் சம்பந்தி, பகலெல்லாம் தொண்டையில் முள்ளாகக் குத்திய சொல், அடுத்தவரிடம் சொல்லும்போது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வருகிறது. அவரோ, "இதைப் போட்டுக்கிட்டுத் தெருக்கோடி வரைக்கும் நடந்து காட்டுங்க, நான் பொறுத்துக்கிறேன்" என்றார். நடந்தேன். நாய்கள் பொறுக்கவில்லை.

ஆக, அர்த்தம் விளங்கிவிட்டது: நாற்காலியில் இருப்பவர் நிற்பவரைப் பார்த்துச் சொல்வது. மகளிடம் இதைச் சொன்னதும், "உங்களால ஒரு பகல் முடியலை. நான் எத்தனை வருஷம்பா?" என்றாள். கோத்த ஊசியையே மறுபடி கோத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் பெண்ணைப் பெற்றவன். ஊர் வாய்க்குப் பயந்தவன். நாளைக் காலைப் பேருந்தில் அவளை ஏற்றி அனுப்பிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், மற்றவர்களுக்கு அதைத் தாங்கும் சக்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் வீட்டம்மா பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மருமகள் கிளம்பிய பிறகு செய்தித்தாள் முழுவதையும் அவர் ஒருவரே கேட்க வேண்டியிருந்ததாம். இப்போது எங்கள் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, என் மகளைப் பக்கத்தில் படுக்கவைத்து, அசந்து தூங்குகிறார். ஆகையால் மேலே எழுதிய பயணம் ரத்து. தூங்கும்முன், உங்கள் வசதிக்காக, அங்கே சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "தேடட்டும்" என்றார்.