கொள்ளுக்குப் போட்ட மோட்டார் பாதை

எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு கடைகிற நாளில் எனக்கு மரியாதை கிடையாது. மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடையாது.

யுத்தம் வருவதற்கு முந்திய கதை. பரமத்தி வேலூரில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வெற்றிலைக் கொடிக்காலை விற்று ஒரு பஸ் வாங்கியிருந்தார். வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு ஓட்ட ஒரே ஒரு லைசென்ஸ்தான் தருவார்கள். கரூர்ப் பக்கத்து முதலாளி ஒருவரும் அதைக் கேட்டிருந்தார். கிடைத்தால் மாமாவுக்குப் பிழைப்பு. எனக்கு அவர் மகள் வள்ளியம்மாள். கிடைக்காவிட்டால் பஸ்ஸைக் கோழி அடைக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். என்னை அதற்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

நான் அப்போது சேலத்தில் இன்டர்மீடியட் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த மேதை. (படித்தேன் என்றுதான் சொன்னேன், தேறினேன் என்று சொல்லவில்லை.) வாசகசாலையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில், கடலுக்கு நடுவே எங்கேயோ இருக்கும் தீவுப் பட்டணத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அங்கே ஜனம் பெருகிக்கொண்டே போகிறதாம், தீவு பெருகாதாம். அதனால் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். நம் ஊர் தீவு இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஒரு பக்கம் காவிரி இருக்கிறதே, போதாதா?

"மாமா, மாட்டு வண்டிக்கு ஒரு பக்கம், பஸ்ஸுக்கு ஒரு பக்கம். நடுவால சுண்ணாம்பு அடிச்ச கல்லு. பஸ்ஸு நிக்காமப் போயிருமுங்க," என்றேன்.

"வண்டிக்காரங்க கேப்பாங்களா மாப்பளை?"

"நான் கேக்க வெக்கறனுங்க."

கேட்க வைத்தேன். அதுதான் வினை. ஓவர்சீயரைக் கெஞ்சி அனுமதி வாங்கி, ஊருக்கு வெளியே வண்டி நெரிசல் மிகுந்த இடத்தில் கல் நட்டேன். ஒவ்வொரு வண்டிக்காரரையும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர்கள், ஒரு சக்கரம்கூட இந்தப் பக்கம் படவில்லை. லைசென்ஸ் அதிகாரி பஸ்ஸில் ஏறிப் பார்க்க வருவதற்கு முதல் நாள், பாதையைப் பெருக்கி, புழுதி அடங்கத் தண்ணீரும் தெளிக்க ஏற்பாடு செய்தேன்.

மறுநாள் காலை அதிகாரி முன் ஸீட்டில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாமா அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் படிக்கட்டில் மைசூர் திவான் மாதிரி நின்றேன். பஸ் தனிப் பாதைக்குத் திரும்பியது. பாதையைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த கொள்ளுச் செடி கிடந்தது.

எங்கள் பக்கத்தில் கொள்ளைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்புவார்கள். போகிற வருகிற சக்கரம் ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். மாடு கட்டி மிதிக்கிற வேலை மிச்சம். பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஓரமாகக் கல்லும் நட்டு வைத்திருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

"எந்தப் பக்கமுங்க போறது?" என்று டிரைவர் கேட்டார். வண்டிப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். நான் போட்ட சட்டத்தை நானே மீறுவதா? "நம்ம பக்கமே போங்க," என்றேன்.

கொஞ்ச தூரம் மெத்தை மேல் போவது போலப் போயிற்று. பிறகு கொள்ளுக் கொடி அச்சில் சுற்றிக்கொண்டு, பஸ் முனகி நின்றது. டிரைவர் அடியில் படுத்துக் கொடியை அறுத்துக்கொண்டிருக்க, பக்கத்துப் பாதையில் வெற்றிலை வண்டிகள் எங்களைத் தாண்டி வரிசையாகப் போயின.

"யாரோட கொள்ளு இது?" என்று நான் கத்தினேன்.

வேலி ஓரத்திலிருந்து விளக்குமாறும் கையுமாக வந்தவர் என் அத்தை, மாமாவின் சம்சாரம். (பஸ் விவகாரத்தை வீட்டில் பேசுகிற பழக்கம் மாமாவுக்கு இல்லை.)

"நம்முளுதுதானுங்க மாப்பளை," என்றவர், அதிகாரியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "இவரு வெய்யில்ல நின்னு களம் போட்டுக் குடுத்தாருங்க சாமி. கண்ணாலத்துக்கு முன்னாலயே இத்தனை பாசமான்னு நெனச்சேன்."

"களம் நல்லா இருக்கும்மா," என்றார் அதிகாரி. அதற்குள் ஒரு வண்டிக்காரர், "ஏறிக்கறீங்களாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அதிகாரி ஏறிக்கொண்டார். நாமக்கல்லுக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

லைசென்ஸ் கரூர்க்காரருக்குப் போயிற்று. மாமா பஸ்ஸையும் அவருக்கே விற்றுவிட்டு மறுபடி கொடிக்கால் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேலத்துக்கே போய்விடுகிறேன் என்று சொல்லப் போனபோது அத்தைதான் மறித்தார்.

"அத்தை, அது களமில்லீங்க. பஸ்ஸுக்குப் போட்டதுங்க," என்று உண்மையைச் சொன்னேன்.

"பஸ்ஸு போனாப் போவுது. மாமியா ஊட்டுக் கொள்ளுக்கு ரோடு போட்ட மாப்பளை வேற எந்த ஊருல கெடைப்பாரு? பொண்ணை இவருக்குத்தான் குடுக்கோணும்."

கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் அந்தக் கொள்ளையே கடைந்து போட்டார்கள். கப்பி ரோட்டில் உதிர்ந்த கொள்ளு அல்லவா, இரண்டாவது கவளத்திலேயே ஒரு கல் அகப்பட்டு என் கடைவாய்ப் பல் போயிற்று.

அந்த இடைவெளிக்கு வள்ளியம்மாள் வைத்த பெயர் பஸ் பாதை. பிள்ளைகளும் அப்படியேதான் சொல்கிறார்கள். இன்றைக்கும் அதில் கொள்ளுதான் மாட்டிக்கொள்கிறது.