பதினான்காம் கம்பமும் தாய்மாமன் கிட்டாரும்

கோயம்புத்தூர்
18.8.1996

பெங்களூரில் குடியிருக்கும் என் மனைவியின் அண்ணனும், என் மகள் நந்திதாவின் தாய்மாமனும், இந்தக் கடிதத்தில் வரும் எல்லாத் துன்பங்களுக்கும் மூலகாரணமுமான மரியாதைக்குரிய சுப்பையன் மச்சான் அவர்களுக்கு, திருமூர்த்தி எழுதிக்கொள்வது.

தாங்களும் அக்காவும் அங்கே சுகமாக இருப்பீர்கள். பெங்களூரில் சுகமாக இல்லாமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். இங்கே உங்கள் தங்கை ராமாத்தாள் நலம். வீட்டுச் சுவர்கள் நலமாக இல்லை. நான் நலமா என்று இருபத்துநான்கு வருடங்களில் நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை என்பதால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நந்திதா அங்கே வந்து ஒரு வருடம் உங்கள் வீட்டு மாடியறையில் தங்கப் போவதாகவும், அதற்கு நீங்கள் தொலைபேசியில் "வா கண்ணு, உன்ற ஊடு மாதிரி நெனச்சுக்கோ" என்று சொன்னதாகவும் அறிந்தேன். அந்த அறை ஒழுகுகிறது, இடிந்துவிட்டது, வாடகைக்கு விட்டாயிற்று, இவற்றில் எது உங்களுக்கு வசதியோ அதைச் சொல்லி உடனே ஒரு கடிதம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

1990ஆம் வருடம், அவள் பெரியவளான சீருக்கு நீங்கள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும், எனக்கு மறக்க முடியாது. எல்லாத் தாய்மாமன்களும் பட்டுப்பாவாடை, வெள்ளிக்கொலுசு, வாழைத்தார், தேங்காய் என்று தட்டு வைப்பார்கள். நீங்களும் வைத்தீர்கள். பதினேழாவது தட்டில், தட்டுக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டு, சிவப்பு நிறத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரையும் வைத்தீர்கள். நம் வீட்டுச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "ஏனுங்க, இதென்ன வீணைங்களா, கட்டைங்களா?" என்று கேட்டார். "பெங்களூர்ல பொண்ணுங்க எல்லாம் இதைத்தானுங்க வாசிக்கறாங்க" என்று நீங்கள் கூசாமல் சொன்னீர்கள். அவரும் மற்ற தட்டுகளுக்குத் தெளித்த மாதிரியே அதற்கும் அருகம்புல்லால் தண்ணீர் தெளித்துப்போட்டார். அத்துடன் என் கதை முடிந்தது. சபையில் வைத்த தாய்மாமன் சீரைத் திருப்பிக் கொடுத்தால் பிறந்த வீட்டு உறவையே முறித்ததாக ஆகும் என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். நான் உறவை முறிக்கத் தயாராகத்தான் இருந்தேன். அவள் இல்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வருடம் எனக்கு அந்த வாத்தியத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. காரணம், அதிலிருந்து சத்தம் வரவில்லை. கிட்டாரைக் கொடுத்த நீங்கள் அதைப் பேச வைக்கும் ஆம்ப்ளிஃபையரைக் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பது எங்களுக்குத் தெரியவும் தெரியாது. பிள்ளை ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பாள், கொசு பாடுவதுபோல ஏதோ கேட்கும். மில்லில் என்னுடன் வேலை செய்பவர்களிடம்கூட, "மேல்நாட்டு வாத்தியமுங்க, ரொம்ப அடக்கமானது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அவளுடன் படிக்கும் உவைஸ் என்கிற பையன் வீட்டுக்கு வந்தான். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் யூனுஸ் பாயின் மகன், டிரம்ஸ் வாசிப்பவன், மரியாதையான பிள்ளை. கிட்டாரை மேலும் கீழும் பார்த்தான். "அங்கிள், இதுக்கு ஆம்ப்ளிஃபையர் எங்கேங்க?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியோடு எங்கள் தெருவின் அமைதி முடிந்தது. மறுநாளே கல்யாண மண்டபத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடமிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். முதல் அடியில் எதிர்வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது, மூன்று நாள் கழித்துத்தான் திரும்பியது. இரண்டாவது வாரத்தில் கிட்டாருக்குள் இருக்கும் காயில் கருகிவிட்டது. எனக்கு நிம்மதி. ஆனால் இது கோயம்புத்தூர் அல்லவா? கணபதி பகுதியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் பட்டறைக்காரர் சிரத்தையாகச் சுற்றிக் கொடுத்து, "ஆறு மாசம் காரண்டிங்க அம்மணி. கெணத்துக்குள்ள மட்டும் எறக்கிறாதீங்க" என்று சொல்லி அனுப்பினாராம். அதன்பிறகு அந்தக் கிட்டாருக்கு ஐந்து குதிரைத்திறன் குரல் வந்துவிட்டது. இப்போது உங்கள் ஊரிலிருந்து வந்து கேட்டவர்கள் இந்த ஒலியை எந்த வெளிநாட்டுக் கம்பெனி செய்தது என்று கேட்கிறார்களாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்குப் புதிதல்ல. எம்.ஏ. பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறிய நான் இருக்க, முதலாளியின் தங்கை மருமகனை மேனேஜராக்கிய மில்லில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். எங்கள் கல்யாணத்தில் நீங்கள் போட்ட மச்சான் மோதிரம் விரலின் பாதியில் நின்றுபோனதையும் நான் பெரிதுபடுத்தியதில்லை, வருடத்துக்கு ஒருமுறை சொல்வதோடு சரி. பொறுக்க முடியாதது எது என்றால், இந்தப் பெண் பாட்டெழுத ஆரம்பித்ததுதான்.

மூன்று மாதங்களுக்கு முன் பெருந்துறையிலிருந்து லட்சுமியம்மாள் என்பவர் தன் மகனுக்கு நந்திதாவைப் பார்க்க வந்தார். நல்ல குடும்பம், தோட்டம் துரவு, தொழிற்பேட்டையில் சொந்தத் தொழில். காப்பி குடித்துவிட்டு, "பாட்டு ஏதாச்சும் பாடுவீங்களா அம்மணி?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். எல்லாப் பெண்களும் ஒரு சாமி பாட்டுப் பாடுவார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். இவள், "ஒரு நிமிசமுங்க, ப்ளக் மாட்டிப்போட்டு வாரேனுங்க" என்றாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். உங்கள் தங்கை பெருமையில் எதையும் பார்க்கவில்லை. கிட்டார் உறுமியது. முறுக்குத் தட்டு தானாக மேசையில் நகர்ந்தது. அதற்குமேல் இவள் பாடிய பாட்டைக் கீழே எழுதுகிறேன்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்!
கீழே கையொப்பமிட்டுள்ள நான்
மேலே எரியும் விளக்கைப் பற்றிப்
பலமுறை எழுதியும் பதிலில்லை.
பகலெல்லாம் எரிகிறது,
பொழுது சாய்ந்தால் அணைகிறது.
கம்பம் எண் பதினான்கு! ஐயா,
கம்பம் எண் பதினான்கு!

மச்சான், இது என் கடிதம். எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டு வாசலில் இருக்கும் தெருவிளக்கு பகலில் எரிந்து மாலையில் அணைவதைப் பற்றி, பெயரை எழுதக்கூட எனக்கு விருப்பமில்லாத ஓர் அலுவலகத்துக்கு 1991 முதல் நான் எழுதிய முப்பத்தோரு புகார்க் கடிதங்களில் இது ஒன்பதாவது. நகல்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்த கோப்பை அவள் எடுத்திருக்கிறாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "ஐயா" என்பதை மட்டும் நான் எழுதியதைவிட நீளமாக இழுக்கிறாள்.

லட்சுமியம்மாள் பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டார். பிறகு, "எங்க ஊட்டு முன்னாடியும் இதே கெதிதானுங்க. அந்த மனுவுல எனக்கொரு நகல் குடுங்க" என்றார். எனக்குச் சற்று உயிர் வந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு தங்கமுங்க. ஆனா எங்களுக்குக் கறவை மாடு நாலு இருக்குதுங்க. பால் வத்திப்போயிருமுங்க." அந்தச் சம்பந்தம் அப்படிப் போயிற்று.

என் அனுமதியில்லாமல் என் கடிதத்தை எடுத்தது முதல் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், மூன்றாவது பத்தியை விட்டுவிட்டாள். அதில்தான் புகாருக்கான காரணமே இருக்கிறது. "என் ஒரே மகள் மாலை ஆறரை மணிக்கு டியூஷன் முடிந்து சைக்கிளில் தனியாக வருகிறாள், அவள் வரும் வழி இருட்டாக இருக்கிறது, எனவே" என்று தொடங்கும். காரணமில்லாத மனுவை எந்த அலுவலகம் மதிக்கும்? "ஏன் கண்ணு அதை உட்டுப்போட்டே?" என்று கேட்டேன். "அது வேண்டாமுங்கப்பா" என்றாள். "ஏன் வேண்டாம்?" "தாளத்துல ஒக்காரலீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் உரைநடை தாளத்தில் உட்காரவில்லையாம்!

ஆகவே சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கில் இவர்களுடைய கச்சேரி நடந்தபோது, அந்தக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் எழுந்து ஆட்சேபணை தெரிவிப்பது என்று முடிவு செய்து போனேன். பக்கத்து நாற்காலியில் யூனுஸ் பாய். அவரும் என்னைப் போலவே கோபமாக வந்திருந்தார்.

"கடையில ரெண்டு அண்டாவைக் காணோமுங்க சார். மூணு நாளாத் தேடறேன்" என்றார்.

"கிடைச்சுதுங்களா?"

"அதா பாருங்க, மேடையில."

உவைஸ் டிரம்ஸுக்கு இருபுறமும் இரண்டு பித்தளை அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தான். அரங்கில் எண்ணூறு மாணவர்கள் இருக்கும். நந்திதா ஜீன்ஸ் அணிந்து, தலையில் ஒரு முழம் மல்லிகையும் வைத்து (இது உங்கள் தங்கையின் நிபந்தனை), நடுவில் வந்து நின்றாள். "இது எங்கப்பா எழுதுன பாட்டுங்க" என்றாள். எனக்குக் காது சூடானது. எழுவதற்காகக் கோப்பைத் திறந்தேன். அவள், "கீழே கையொப்பமிட்டுள்ள" என்று பாடி நிறுத்தி, கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். எண்ணூறு பேரும் "நான்!" என்று கத்தினார்கள். மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் "நான்!" அண்டா அதிர்ந்தது.

மச்சான், ஐந்து வருடங்களில் முப்பத்தோரு கடிதங்கள் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்ததில்லை. மில்லில் பதவி உயர்வு கேட்டு எழுதியதற்கும் வந்ததில்லை. பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதியதற்கும் வந்ததில்லை. அன்றுதான் எனக்குப் பதில் வந்தது.

"சார், நீங்களும் கத்தறீங்க" என்றார் யூனுஸ் பாய்.

"இருமினேனுங்க" என்றேன்.

"நாலு வாட்டிங்களா?" என்று கேட்டுவிட்டு, "நம்ம அண்டாவுக்கு இத்தனை நல்ல சத்தம் இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க" என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. சந்தர்ப்பம் அமையவில்லை. முடிந்ததும் கல்லூரிப் பத்திரிகைக்காக ஒரு பையன் வந்து, "பகல்ல எரியுற விளக்கு எதோட குறியீடுங்க?" என்று அவளிடம் கேட்டான். "எங்க ஊட்டு வாசலுங்க" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அங்கேதான் உங்கள் ஊர்க் கேசட் கம்பெனி ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரு வருட ஒப்பந்தம், பத்துப் பாட்டு அவளே எழுதி, அவளே வாசிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் தகப்பனாரின் கையெழுத்தும் வேண்டுமாம். அந்தத் தாள் எட்டு நாளாக என் மேசையில் கிடக்கிறது. அவள் ஒன்றும் கேட்பதில்லை. காலையில் காப்பியைத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கிறாள், அவ்வளவுதான். உங்கள் தங்கையும் கேட்பதில்லை, ஆனால் எட்டு நாளாகக் குழம்பில் உப்பு இல்லை.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பெண், பி.எட். சேரட்டும், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கட்டும், மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வரட்டும். கிட்டாரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கட்டும், ப்ளக் இல்லாமல். ஆகவே மாடியறை விஷயமாக நான் மேலே கேட்டபடி மறுதபாலில் எழுதவும். இந்த ஒரு உதவியைச் செய்தால் மோதிர விஷயத்தை இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலி குறையவும், தோட்டத்து அவரை காய்க்கவும், உங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும். தங்கள் தங்கையும் வணக்கம் சொல்லச் சொன்னாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள,
திருமூர்த்தி

பி.கு. (24.8.1996): இதை எழுதிய பிறகு ஆறு நாள் தபாலில் போடவில்லை. இப்போது போட வேண்டிய அவசியமும் இல்லை, நந்திதாவே கொண்டுவருகிறாள். நாளை ஞாயிற்றுக்கிழமை ரயில். கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் அவளைத் தூக்க விடாமல், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், நீங்களே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகவும். மாடியறையில் பதினைந்து ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் இல்லாவிட்டால் இதைப் படித்த அன்றே வைத்துவிடவும். பசித்தாலும் கேட்க மாட்டாள், நீங்களாகவே தயிர்சாதம் கொடுத்துவிடவும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாவது பத்தியைப் பற்றி நேற்று மறுபடியும் கேட்டேன். "தாளம் எல்லாம் சும்மா சொன்னேனுங்கப்பா. அந்த வரி வந்தா எனக்குப் பாட முடியலீங்க, அழுதுபோடறேன்" என்றாள். அழுதாலும் பரவாயில்லை, கேசட்டில் அது இருக்க வேண்டும் என்று நீங்கள் தாய்மாமன் என்கிற முறையில் சொல்லவும்.

இன்னொன்று. அந்த அலுவலகத்து ஊழியர் ஒருவரின் மகன் கச்சேரிக்கு வந்திருந்தானாம். முந்தாநாள் ஏணியோடு வந்து பதினான்காம் கம்பத்தைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது பொழுது சாய்ந்ததும் பளிச்சென்று எரிகிறது. ஆறரை மணிக்குத் தெருமுனைவரை நன்றாகத் தெரிகிறது, சைக்கிளில் யார் வந்தாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாளை மறுநாளிலிருந்து யாரும் வர மாட்டார்கள். இதற்கு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் விலாசம் அனுப்பவும்.