ஸ்கார்னஸ் கோட்டையில் நான் தவழவே இல்லை

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆர்ச்சி அவர்களுக்கு, நினியன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை மோராக்கும் சுகம், என் முழங்கால்கள் இரண்டையும் தவிர. அபர்டீனில் நீங்களும் அக்காவும் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கார்னஸ் கோட்டையில் நான் நாலு காலில் தவழ்ந்ததாகவும், அதைப் பார்த்து ஒரு ஜெர்மன் குடும்பமே சிரித்ததாகவும் எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னாராம். அந்த ஆள் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷமாக ஞாயிறு தவறாமல் நாங்கள் அந்தக் கோட்டைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். போவது என்றால், எதிரே கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிளாஸ்க் டீயும் முட்டை சாண்ட்விச்சுமாக உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பது. ஊரே அப்படித்தான் கடலைப் பார்க்கிறது, பக்கத்துக் காரில் பாதிரியாரே இருப்பார். இறங்கிப் போகலாமா என்று மோராக் வாராவாரம் கேட்பாள். காற்று, மழை, ஷூ வழுக்கும் என்று நான் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன். உயரம் என்றால் எனக்குக் குலை நடுங்கும். ஆனால் இருபது வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் (ஆபீஸ் பக்கம்தான்) அதை எந்த முகத்தோடு பெண்டாட்டியிடம் சொல்வது?

போன மாதம் கண் டாக்டர், அவள் கண்களின் நடுவில் விழுந்திருக்கும் கலங்கல் இனிப் பெருகத்தான் செய்யும், குளிர்காலத்துக்குள் முகங்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வருகையில் காரில் கேட்டாள்.

“நினியன், அந்தக் கோட்டை மேல் ஜன்னல்ல நின்னு ஒரு தடவை கடலைப் பார்க்கணும்.”

“காத்து அடிக்குமே மோராக்.”

“முப்பத்தொரு வருஷமா அடிக்குது. அது பாட்டுக்கு அடிக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். போன ஞாயிறு காரை விட்டு இறங்கிவிட்டோம்.

கோட்டை தனிப் பாறையில் நிற்கிறது, அங்கே போக ஒடுக்கமாக ஒரே ஒரு பாறைப் பாதை, இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம், அடியில் கடல் கொந்தளிப்பது சத்தத்திலேயே தெரிந்தது, நான் எட்டிப் பார்க்கவில்லை, அந்த நேரம் பார்த்து என் ஷூ நாடா அவிழ்ந்தது, கட்டக் குனிந்தேன், குனிந்த வாக்கிலேயே ஒரு முப்பது அடி முன்னேறினேன். அதற்குப் பெயர் தவழ்வதா? என் தொப்பி நார்வே பக்கம் பறந்தது, சாண்ட்விச்சைக் கடற்காக்கை கொத்திக்கொண்டு போனது, கோபுரப் படிகள் பாதி இடிந்து கிடந்ததால் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறினேன், எதிரி பின்னால் வந்தால் பார்க்க வேண்டாமா? கண் தெரியாதவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “படி இருக்கு, காலை வை. அய்யோ, அந்தக் காலை இல்லய்யா, மத்தக் காலை!”

ஜன்னலுக்கு வந்தோம். “எனக்கு எல்லாம் கலங்கலா இருக்கு. நீ பார்த்துச் சொல்லு” என்றாள்.

சொன்னேன். கண்ணுக்கெட்டிய தூரம் நீலக் கடல், அதன்மேல் வெயில், பாறையில் மூன்று கடல்நாய்கள், தூரத்தில் ஒரு பெரிய கப்பல், அதில் ஒருத்தன் துணி காயப்போடுகிறான்.

“என்ன துணி?”

“மஞ்சள் சட்டை.”

“அப்புறம்?”

இருபது நிமிஷம் சொன்னேன். என் கையை அவள் விடவே இல்லை. பக்கத்தில் நின்ற ஜெர்மன் குடும்பமும் மூச்சுவிடாமல் கேட்டது. சிரித்தார்கள் என்பது சுத்தப் பொய்.

உங்கள் வீட்டுக் கணப்பில் என்றைக்கும் கரி குறையாதிருக்க வேண்டும்,
தங்கள் அன்பு மைத்துனன்
நினியன் கெடிஸ்

பி.கு.: மோராக்கால் இப்போது வாசிக்க முடிவதில்லை. தபாலில் போடுமுன் படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். “உண்மையைச் சேர்க்காம இது வீட்டை விட்டுப் போகாது” என்கிறாள். உண்மை என்னவென்றால், ஜன்னலுக்கு வந்ததிலிருந்து திரும்பிக் கார் கதவைத் தொடும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாததை இப்போதுதான் சொல்கிறாள்: அந்த நேரம் பூராவும் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிக் கோட்டையையே மூடியிருந்ததாம், கன்னத்தில் ஈரம் பட்டதுமே அவள் கண்டுகொண்டாளாம், பக்கத்தில் ஜெர்மன்காரர் தன் மனைவியைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பின்னே ஏன் என்னை நிறுத்தவில்லை என்று கேட்டேன். “அந்தச் சட்டை காய்ஞ்சுதான்னு தெரிய வேண்டாமா?” என்றாள். வருகிற ஞாயிறும் போகவேண்டுமாம். ஷூ வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். “கண்ணைத் திறக்க வேண்டாம்யா, வாயைத் திற, போதும்” என்கிறாள்.