பத்தடிச் சீர்த்தட்டு

விண்வெளி வரலாற்றை எழுதுகிறவர்கள் ராக்கெட் விட்ட ஊர்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். எழுமலையை விட்டுவிடுகிறார்கள். எண்பத்தாறாம் ஆண்டில் அந்த ஊருக்கும் வானத்துக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்தும் பொறுப்பை ஒருவன் தனியாளாக ஏற்றுக்கொண்டான். அடக்கம் தடுத்தாலும் சொல்கிறேன், அது நான்தான்.

என் தகுதியைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, பாதியில் விட்டவன். முழுசாகப் படித்தவர்கள் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவதால், உள்ளூரில் விஞ்ஞானத்துக்குக் கிடைப்பவன் நான் ஒருவன்தான். இரவு ஷிப்டில் மில்லில் அறுந்த நூலை முடிந்தேன். பகலில் கட்டிலில் படுத்துச் சிந்தித்தேன். சிந்தனைக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

தங்கை சோலையம்மாளை எழுமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். அவன் கொண்டுவரும் தோட்டைத்தான் மாட்டுவார்கள். அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

"அண்ணே, எங்க மாமியா வாயி ஒனக்குத் தெரியாததா? மத்த மருமகளுக கூடப்பெறந்தவங்க செஞ்ச சீரச் சொல்லிச் சொல்லியே என்னையக் கொல்லுது. நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். பாப்பாவுக்கு ரெண்டு சிவப்புக் கல்லுத் தோடு. அம்புட்டுத்தான். நான் அந்த வீட்டுல தலை நிமிந்துக்கிருவேன்."

"வெறும் தோடா?" என்றேன். "வீட்டுல வேற என்ன குறை?"

"என்ன குறை. டிவிப் பொட்டி வாங்கி வச்சிருக்காக. படம் வரல. பொரி பொரியா வருது. எங்க மாமியா அதையும் உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

இதை அவள் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். விஞ்ஞானியிடம் அப்படிப் பேசக் கூடாது.

வானத்திலிருந்தே படம் இழுக்கும் தட்டு ஒன்றைச் சீராகக் கொடுக்க, அன்றே 'உயர்திறன் டிஷ் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான். தொழில்நுட்ப உறுப்பினர் காளை. மில்லில் எனக்குப் பக்கத்து மெஷின்காரன். விசேஷ வீடுகளுக்கு அண்டா வாடகைக்கு விடும் குடும்பம். வட்டமான, குழிவான பொருள்களில் பரம்பரை அனுபவம்.

மதுரையில் நல்லகாமன் என்பவர் தன் பட்டறையில் அலுமினியத் தகட்டை அடித்து டிஷ் செய்துகொண்டிருந்தார். குழு அங்கே கூடியது.

"அண்ணே, இது எம்புட்டுத் தூரம் இழுக்கும்?" என்றான் காளை.

"ஒங்களுக்கு எம்புட்டுத் தூரம் வேணும்?"

"டெல்லி வரைக்கும்."

"அதத் தாண்டியும் போகும். நீங்கதான் பாத்து நிறுத்திக்கிரணும்."

காளை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "ஓசை சுத்தமா இருக்கு மாப்ள. எங்கயும் ஒட்டுப் போடல." ஒலியியல் சோதனையில் மூன்று டிஷ்களும் தேறின. அடுத்தது செயல்திறன்.

"ஆறடிய எடுத்துக்கங்க, வீட்டுக்கு அது போதும்" என்றார் நல்லகாமன்.

"தெருவுல தூக்கிட்டுப் போனா தெரியுமா?" என்றேன்.

"தெருவுல எதுக்குத் தூக்குறீங்க? மாடியில மாட்டுறது இது."

அவருடைய குறுகிய பார்வையைக் குழு பொருட்படுத்தவில்லை. ஆறடி, கூட்டத்தில் குடை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் நிராகரிக்கப்பட்டது. எட்டடியை நாலு பேர் தூக்கிவிடலாம் என்பதால் அதில் கௌரவம் இல்லை. பத்தடிக்குக் குறைந்தது எட்டு ஆள் வேண்டும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆனாலும் நான் படித்தவன். ஒரு கேள்வி கேட்டேன். "நடுவுல மூக்கு மாதிரி ஒரு கருவி இருக்கணுமே?"

"மூக்கு பம்பாயில இருந்து வரணும். இப்பத் தட்டக் கொண்டு போங்க. மூக்கு பின்னாடியே வந்துரும்."

மூக்கு இல்லாமலே அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு சுருள் ஒயரையும் சும்மா கொடுத்தார். தோட்டுக்கு எடுத்து வைத்திருந்தது தட்டுக்குப் போனது. பத்தடித் தட்டுக்கு முன்னால் பொட்டளவு தோட்டை எவர் கேட்கப் போகிறார் என்பது குழுத் தலைவரின் கணிப்பு.

காதுகுத்தன்று எழுமலை எல்லையில் டிராக்டரிலிருந்து தட்டை இறக்கினோம். கொட்டுக்காரர்கள் தயாராக நின்றார்கள். எங்கள் பங்காளிகள் எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். காளை கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஏன்டா மாப்ள, வெறுந்தட்டத் தூக்கிட்டா சீருக்குப் போவாக?"

"இது வெறுமையாத்தான்டா இருக்கணும். இந்த வளைவு..."

"வளைவு கெடக்குது. வெறுந்தட்டோட போயி நின்னா ஒந் தங்கச்சியப் பாத்து ஊரே சிரிக்கும்."

பங்காளிகள் அவன் பக்கம் சேர்ந்தார்கள். சீர்த்தட்டு காலியாகப் போகக் கூடாது என்பது எங்களுக்கு இயற்பியலைவிட மூத்த விதி. தேங்காய் ஒரு சாக்கு, வாழைத்தார் இரண்டு, வெல்லம், ஒரு மூடை பச்சரிசி எல்லாம் ஏறின. தகட்டின் வளைவு இம்மி பிசகினாலும் என்ன ஆகும் என்று ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டு முழங்கியது. மூடிக்கொண்டேன். தட்டு முனகி, மூடைக்கு அடியில் தொப்பை போட்டது.

ஊர்வலம் மாபெரும் வெற்றி. தெருக்கதவு ஒன்றுகூட மூடியிருக்கவில்லை.

"ஆத்தாடி, இம்புட்டுப் பெரிய தாம்பாளமா!"

"எட்டு ஆளு தூக்குறாகடி!"

சம்பந்தியம்மா ஒச்சாயி வாசலில் வாயடைத்து நின்றார். பக்கத்தில் சோலையம்மாள் நின்றாள். முதல்முறையாக மாமியாரைவிட ஓர் அங்குலம் உயரமாகத் தெரிந்தாள்.

"மச்சான், இதுல டெல்லி தெரியுமா?" என்றார் அவள் வீட்டுக்காரர் மலையாண்டி.

"மூக்கு வரட்டும். எல்லாமே தெரியும்."

பிறகு பந்தலில் உட்கார்ந்தேன். மொட்டையடித்து, சந்தனம் பூசிய மூன்று வயதுப் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"தாய்மாமன், தோட்டக் குடுங்க."

நான் தட்டைக் காட்டினேன். "அதுதான் சீரு."

ஆசாரி தட்டைப் பார்த்தார். பிள்ளையின் காதைப் பார்த்தார். நியாயமான மனிதர், இரண்டையும் அளந்தே பார்த்தார். "அத எப்படிங்க இதுல மாட்ட?"

ஒச்சாயிதான் முதலில் சிரித்தார். சோலையம்மாள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்துகொண்டாள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டோடு கிடந்த ஒயர்ச் சுருளில் ஒரு துண்டை நறுக்கி, தோலை உரித்தார். உள்ளே செம்புக் கம்பி. இரண்டு வளையமாக வளைத்து மாட்டிவிட்டார். பிள்ளை வீறிட்டது.

பம்பாய் மூக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் தொப்பை விழுந்த தட்டில் பயன் இல்லை. ஆனால் தட்டை யாரும் வீணாக்கவில்லை. முற்றத்தில் வானம் பார்த்துக் கிடத்தி, மிளகாய் வற்றல் போட்டார்கள். ஒரு மூடை மிளகாய் ஒரே ஈட்டில் காய்கிறது. இதில் என் பங்கை எவரும் குறிப்பிடுவதில்லை.

ஒரு வருடம் தைரியம் சேர்த்துக்கொண்டு எழுமலைக்குப் போனேன். பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. காதில் அதே செம்பு வளையங்கள்.

"நான் யாருன்னு தெரியுதா பாப்பா?"

"தெரியும்" என்றது. இடுப்பில் கைவைத்து, அப்படியே ஒச்சாயியின் குரலில் ஒலிபரப்பியது: "ரெண்டு காதுக்குத் தோடு போட வக்கில்ல, வானத்தப் புடிக்க வந்துட்டான் படிச்ச மடையன்!"

ஓர் எழுத்து பிசகவில்லை. பொரி இல்லை, இரைச்சல் இல்லை. இதைவிடத் துல்லியமான ஒலியை எந்த நாட்டு டிஷ்ஷும் இழுத்ததில்லை.

ஒலி வந்துவிட்டது, படம் வரவில்லையே என்று இனி எவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முற்றத்தில் பத்தடித் தட்டின் நடுவே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்து வற்றல் அள்ளிக்கொண்டிருந்தாள் சோலையம்மாள். மூக்கு இல்லாமலே, படம் தெளிவாகத் தெரிந்தது.