இருமலுக்குப் பதினேழு தொட்டி

"உங்க தங்கச்சியைப் பத்திக் கவலையே வேணாம் மச்சான். காய்கறிகூட நான்தான் நறுக்கித் தர்றேன்" என்று ஏ.சி. மெக்கானிக் போனில் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து அவன் மனைவி இருமினாள்.

"யாரு இருமுறது?" என்றார் மச்சான்.

"தூசிதான். டாக்டர்கிட்ட அப்பவே காட்டியாச்சு."

மறுபடியும் இருமல். இந்த முறை நாலைந்து சேர்ந்து வந்தது.

"இது சரியில்ல மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். அப்பவும் இருமினா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். குணமாக ஆறு மாசமானாலும் சரி, எங்க வீட்லதான் இருப்பா."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அவனால் தள்ள முடியாது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. தொண்டையில என்னவோ, தானா வருது" என்றாள் அவள்.

"நோயாளிங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று அவள் வாயை அடைத்தான்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அன்று மாலையே தெருமுனை நர்சரி அம்மாள் ஐந்து தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி போதும். செடி வளர்த்துப் பழக்கம் உண்டா?"

"சின்ன வயசுலேருந்தே!"

மனைவி இருமினாள். அவன் முகம் வெளுத்தது. "இன்னும் ஆறு தொட்டி கொண்டாங்க!"

செடி சீக்கிரம் வளர்ந்தால் காற்றும் சீக்கிரம் சுத்தமாகும் என்று, மூன்று வேளையும் வாளி வாளியாக ஊற்றினான். அதோடு விட்டானா? தொழில் புத்தி குறுக்கே வந்தது. குளிர வைத்த காற்றை எவனாவது ஜன்னல் வழியே வெளியே விடுவானா? சுத்தமான காற்றுக்கும் அதே நியாயம்தானே! எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கு விடாமல் டேப் ஒட்டினான்.

சனிக்கிழமைக்குள் வீடு நனைந்த சாக்குபோல் நாறியது. சுவரெல்லாம் பூஞ்சை. சோற்றுப் பானையைத் திறந்தால் குட்டிக் குட்டிப் பூச்சிகள். நர்சரி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"நீங்க சொன்ன அளவுதான்."

மனைவிக்கு இருமல்.

"ஜன்னல் ஏன் சாத்தியிருக்கு?"

"இப்பத்தான் சாத்தினேன்."

இருமி இருமி அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்சரி அம்மாள் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"பேச நேரமில்லம்மா. காலையில இன்னும் ஆறு!" என்று அவளை விரட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தொட்டிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார். இரண்டாவது மூச்சிலேயே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"வீடா இது? மனுஷன் இருப்பானா இதுல? பெட்டியை எடும்மா, கிளம்பு!"

கடைசி ஆறு தொட்டிகளோடு வந்த நர்சரி அம்மாள் வாசலில் தயங்கி நின்றாள். அவள் நிற்பதுகூட மெக்கானிக்கின் கண்ணில் படவில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், டாக்டர்கிட்ட காட்டவே இல்ல. காய்கறியும் நறுக்கல. தண்ணியைக் கொட்டி, ஜன்னலைச் சாத்தி, எல்லாத்தையும் நாசம் பண்ணினது நான்தான். இவ போயிட்டா எனக்குச் சோறு இறங்காது. பயமா இருக்கு மச்சான்."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் கண்தான் கலங்கியது, இருமல் வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. அப்போதும் வரவில்லை.

"என்னம்மா, இருமலையே காணோம்?" என்றார் மச்சான் ஆச்சரியத்தோடு.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தான். "செடி மச்சான், செடி! ஒவ்வொண்ணும் நான் ஆராய்ச்சி பண்ணித் தேர்ந்தெடுத்தது!"

அவள் இருமினாள்.

மச்சான் பெட்டியைத் தூக்கினார். நர்சரி அம்மாள் இடுப்பிலிருந்த தொட்டியை மெல்ல இறக்கி வைத்தாள்.

"பெட்டியைக் கீழ வைங்க சார். முதல் நாள்லேருந்து பார்க்கறேன், இவர் உள்ளதைச் சொன்னா இந்தம்மா இருமுறதே இல்ல."